ஆட்டுக்குக் கத்தாத பெட்டி

எங்கள் கம்பெனிக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வரவேற்பறைச் சுவரை. கண்ணாடி போட்ட சான்றிதழ்கள், எம்.டி. யாரோ பெரிய மனிதருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள், யாரோ பெரிய மனிதர் எம்.டி.க்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள். நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி ஒன்றின் ஆளுயரப் படம். இத்தனை இருந்தும் ஒரு ஆட்டின் படம்கூடக் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது அது கம்பெனியே இல்லை. ஆலங்காயத்தில் மிக்ஸி, டேபிள் ஃபேன் ரிப்பேர் செய்யும் சின்னக் கடை. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை, சால்டரிங் தெரியும் என்பதற்காகக் கடைக்காரர் வேலைக்கு எடுத்தார். அப்போது அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். கடைக்கு மாடி வந்ததும் சார் ஆனார். மாடிக்கு ஏ.சி. வந்ததும் எம்.டி. ஆனார். வாசல் போர்டும் கூடவே வளர்ந்தது. முதலில் 'ரிப்பேர்' என்று இருந்தது 'எலக்ட்ரானிக்ஸ்' ஆகி, பிறகு 'சிஸ்டம்ஸ்' ஆகி, கடைசியில் 'டிஃபென்ஸ்' என்று வந்து நின்றது. உள்ளே நாங்கள் அதே நான்கு பேர்தான், சூடேறினால் கையைச் சுடுகிற அதே சால்டரிங் இரும்புடன்.

டிஃபென்ஸ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பன்றியால் வந்தது. மலையடிவாரக் கொல்லைகளில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியாமல் விவசாயிகள் கடைக்கு வந்து புலம்புவார்கள். எங்கள் ஆள் மூளைக்காரர், அதில் பொய்யில்லை. மேல்மூடியும் பேட்டரி ஒயரும் மட்டும் வெளியே தெரிய, வரப்போரம் மண்ணில் புதைத்து வைக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்தார். பக்கத்தில் கால் பட்டு நிலம் அதிர்ந்தால் உள்ளே இருக்கும் கருவி உணர்ந்துகொள்ளும், சைரன் அலறும், பன்றி ஓடிவிடும். ஊரே மெச்சியது. முதல் பெட்டியை என் அப்பாவின் கடலைக் கொல்லையில்தான் புதைத்தோம்.

பெட்டி பன்றிக்குக் கத்தியது. நாய்க்கும் கத்தியது. எதிர்வீட்டு எருமைக்குக் கத்தியது, அப்பாவே தண்ணீர் பாய்ச்சப் போனால் அவரைப் பார்த்தும் கத்தியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சனியன், சும்மா சும்மா கத்திகினு கீது" என்று அப்பா ஒயரைப் பிடுங்கிப் போட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கொல்லையில் ஒரு செடி மிச்சமில்லை. பன்றிகள் நிதானமாக, வரிசை வரிசையாகத் தின்றுவிட்டுப் போயிருந்தன. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கும் அந்தக் கொல்லை மறக்கவில்லை.

எம்.டி. அதை ஒரு நாளில் மறந்தார். பன்றியை மோப்பம் பிடிக்கிற பெட்டி எதிரியை மோப்பம் பிடிக்காதா என்று யாரோ ஒரு கல்யாணப் பந்தியில் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வந்தவர் ஒரு டின் பச்சைப் பெயிண்ட்டோடு வந்தார். எங்கள் கம்பெனி ராணுவத் தளவாடத் துறையில் கால் பதித்தது அந்த டின்னோடுதான்.

அதன் பிறகு வளர்ச்சியைக் கேட்கவே வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுச் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தோம். கழுத்தில் தொங்குகிற அட்டை வந்தது. கைரேகை மெஷின் வந்தது. குடிக்கத் தண்ணீர் மட்டும் மண்டபத்துச் சமையல்காரரிடம் போய்த்தான் கேட்டு வாங்குவோம். 'பாதுகாக்கப்பட்ட பகுதி, படம் எடுக்கத் தடை' என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினார்கள். அதன் முன்னால் நின்று மாப்பிள்ளை வீட்டார் படம் எடுத்துக்கொள்வார்கள். என் எழுத்து மணி மணியாக இருக்கும் என்பதற்காக என்னைத் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆக்கினார்கள். சோதனைத் தாளில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது என்பது விதி.

சிக்கல் முகூர்த்த நாட்களில்தான். தவில் அடிக்க ஆரம்பித்ததும் மேஜை மேல் இருக்கிற பெட்டியெல்லாம் ஒரேயடியாக அலறும். தாலி கட்டுகிற நேரத்தில் ஒருமுறை பதினோரு சைரன் சேர்ந்து ஊளையிட்டுப் பெண் வீட்டார் அடிக்க வந்துவிட்டார்கள். அதனால் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்கள் பெட்டியைப் பார்க்க ஆசைப்பட்டபோது, எம்.டி. ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார். தவில் இல்லாத இடமாம்.

பெங்களூர்க்காரர்களின் சோதனை எளிதுதான். ஆள் நடந்தால் பெட்டி கத்த வேண்டும். மூன்று நாள் சும்மா விட்டால் காற்றுக்கும் ஆடு மாட்டுக்கும் கத்தக் கூடாது. இரண்டிலும் தேறினால் பெட்டிகளை அவர்கள் வாங்கி எல்லைக்கு அனுப்புவார்கள். ஆடு மாடு என்றதுமே எனக்கு அப்பாவின் கொல்லை கண் முன்னால் வந்தது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமை விளைகிற ஒரு சரிவில், ஊருக்குள் போகிற ஒற்றையடிப் பாதையோரம் பெட்டியைப் புதைத்தோம். புதைத்ததும் எம்.டி. சும்மா இருந்தாரா? பெட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்து பெங்களூர்க் காரின் டிரைவரைப் பாதையில் நடக்கச் சொன்னார்கள். அவர் பூட்ஸ் காலோடு நடந்தார். பெட்டி மலையே அதிரக் கத்தியது. எங்களுக்கு அது முதல் சோதனையில் வெற்றி. ஊர்க்காரர்களுக்கு அது வேறு: பொட்டு வைத்த சாமியைச் செருப்புக் காலோடு மிதித்தான், சாமி கோபித்துக் கத்துகிறது.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் ஒரு பெண்மணி மட்டும் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பாதையோரத்து முதல் வீடு அவளுடையது, முப்பது ஆடுகள் வைத்திருந்தாள்.

"யம்மா, இத்த யாருக்கு அனுப்பப் போறீங்க?"

"எல்லையில காவல் நிக்கிறவங்களுக்குக்கா."

அவள் முகம் மாறிவிட்டது. "எம் புள்ள அங்கதாங் கீறான். பனியில நிக்கிறானாம். ராவுல தூக்கமே இல்லன்றான். இது முழிச்சிகினு இருந்தா அவன் தூங்கலாமா?"

"தூங்கலாங்க்கா" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ, வாய் முந்திக்கொண்டது.

அதன் பிறகு மூன்று நாள். பெட்டி மூச்சு விடவில்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறைகூடக் கத்தவில்லை. பாதை தெரியாத தூரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த பெங்களூர்ப் பொறியாளர், நரைத்த தலை, அதிகம் பேசாதவர், அவரே எழுந்து வந்து எம்.டி.க்குக் கை கொடுத்தார். எம்.டி.க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான்தான் மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவைப் பார்த்தே கத்தின பெட்டிக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது?

மூன்றாம் நாள் மாலை பாதைக்கு நடந்து போனேன். பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. சுற்றிலும் கற்களை அடுக்கி, முள் வெட்டி வேலி போட்டிருந்தார்கள். அதற்கு வெகு தூரம் முன்னாலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சரிவில் இறங்கிப் பெரிய வளையமாகச் சுற்றி நடந்து புதிதாக ஒரு தடமே உண்டாகியிருந்தது. ஆடுகளை மூன்று நாளாகப் பட்டியை விட்டு வெளியே விடவில்லை. தழை வெட்டிப் போட்டு உள்ளேயே வைத்திருந்தாள் அந்தப் பெண்மணி. அவர்களைக் காவல் காக்க வேண்டிய பெட்டியை அவர்கள் காவல் காத்திருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆலங்காயம் திரும்பியதும் எம்.டி. அறைக்குள் போனேன்.

"சார், ஆட்டையெல்லாம் அடைச்சு வெச்சிருந்தாங்க. அதனாலதான் பெட்டி கத்தல."

"கத்தலல்ல? அதான் வேணும்."

"எல்லையில ஆடு மாடு வராதா சார்?"

"அங்கயும் ஒரு தேங்காய ஒடச்சி பொட்டு வெச்சா போச்சு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, மனிதர் நிஜமாகவே சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "எங்கப்பா ஒயர புடுங்கின மாதிரி அவங்களும் புடுங்கிட்டா? அங்க வர்றது பன்னி இல்ல சார்!"

"ஏம்மா, இது உங்கப்பா கடலக் கொல்லையா? டிஃபென்ஸ்மா! வெள்ளிக்கிழம மலையில விழா வெச்சிகீறேன். பெங்களூர்க்காரங்க முன்னால நீ தாள்ல கையெழுத்துப் போடணும். முடியலன்னா சொல்லு, அக்கவுண்ட்ஸ் ஆள அந்த சீட்ல ஒக்கார வெக்கிறேன். அவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும்."

அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு பேட்டரியில் எது பிளஸ், எது மைனஸ் என்றே தெரியாது. அதுதான் அவருடைய தகுதி. நான் மாட்டேன் என்றால் வேலை போகும், பெட்டி எப்படியும் போகும், எல்லையில் நிற்கிற அந்தப் பையன் அதை நம்பித் தூங்குவான். மூன்று நாள் அந்தச் சோதனைத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான்காம் நாள் லீவு சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினேன்.

அந்த அக்கா வாசலில் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மணையை எடுத்துப் போட்டாள். நேராகக் கேட்டேன்.

"அக்கா, ஆட்ட ஏன் அடைச்சு வெச்சீங்க?"

"இன்னா கேள்வி இது? சாமிகிட்ட ஆட்ட வுடுவாங்களா?"

"அது சாமி இல்லக்கா. பெட்டி."

"நீங்கதான பொட்டு வெச்சீங்க?"

என்னத்தைச் சொல்ல? அப்பாவின் கொல்லைக் கதையைச் சொன்னேன். நாய்க்குக் கத்தியது, எருமைக்குக் கத்தியது, அப்பா ஒயரைப் பிடுங்கியது, மறுநாள் கொல்லை மொட்டையாக இருந்தது, எல்லாவற்றையும். புளி தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அப்போ அந்த சிப்பாய்ங்களும் புடுங்கிடுவாங்களா?"

"பத்து தரம் ஆட்டுக்குக் கத்தினா, பதினோராவது தரம் யாருக்கா எழுந்து பாப்பாங்க?"

"தூங்கலாம்னு சொன்னியே" என்றாள்.

அதுவரை என்னை 'ங்க' போட்டுப் பேசியவள். அந்த 'சொன்னியே' சுட்டது. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை. பஸ் பிடித்து இறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மலையில் ஷாமியானா, குத்துவிளக்கு, பூ வைத்த மேஜை. எம்.டி. கோட்டு போட்டிருந்தார். பெட்டிக்குப் புதிதாகச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் வேறு. புகைப்படக்காரர் தயாராக நிற்க, எம்.டி. தாளை என் முன்னால் தள்ளிப் பேனாவைக் கையில் திணித்தார். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கை மேலும் போகாமல் கீழும் இறங்காமல் நான் உட்கார்ந்திருந்தேன். 'போட மாட்டேன்' என்று சொல்லத்தான் வந்திருந்தேன்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. அந்த அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகளைத் தள்ளி நிறுத்திவிட்டு வெறுங்காலோடு மெல்ல அடி வைத்து வந்து வேலி முள்ளை இழுத்துப் போட்டாள். பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முந்தானையால் குங்குமத்தையும் சந்தனத்தையும் துடைத்தாள். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டினாள்.

"சாமி, நீ எழுந்து வேற எடத்துக்குப் போய்டு. பொட்டி மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை உள்ளே ஓட்டினாள்.

முதல் ஆடு கால் வைத்ததும் சைரன் அலறியது. அடங்கியது. அடுத்த ஆட்டுக்கு மறுபடி. யாரோ பதறி இடித்துக் குத்துவிளக்கு அணைந்தது, புகைப்படக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவது தடவை எம்.டி. பொறுக்க முடியாமல், "அடச்சே! யாராவது அத்த நிறுத்துங்கய்யா!" என்று கத்திக்கொண்டே அவரே ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்.

எல்லாம் அமைதியானது. அந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியா? புடுங்கிட்டாரு."

கையில் ஒயரோடு எம்.டி. நின்றார். பெங்களூர்ப் பொறியாளர் அவரைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், பிறகு என் முன்னால் இருந்த தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். விருந்துச் சாப்பாட்டை அன்றைக்கு ஊர்க்காரர்கள்தான் சாப்பிட்டார்கள்.

எம்.டி. என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. நான்தான் தூண்டிவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம், அது பொய்யும் இல்லை. பிறகு ஒருநாள் கூப்பிட்டு, "ஆட்டு மேல ஒனக்கு அவ்ளோ பாசமா? போ, அங்கயே போய் மேய்" என்றார். தண்டனையாகத்தான் அனுப்பினார். அந்த அக்காவின் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, நானும் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண்ணும் உட்கார்ந்தோம். வேலை ஒழுங்காக நடக்கும் என்று தெரிந்ததும், கொட்டகை வாசலில் 'ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு மையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். போர்டு மாட்டுவதில் மட்டும் மனிதர் தாமதமே செய்ய மாட்டார்.

இரண்டு கால் நடைக்கும் நான்கு கால் நடைக்கும் தாளம் வேறு. அதைப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. தினமும் அந்த அக்கா ஆடுகளைப் பெட்டியைச் சுற்றி நடத்துவாள், நாங்கள் அதிர்வைப் பதிவு செய்வோம். இருபத்தொன்பது ஆடுகளுக்குப் பெட்டி வாயை மூடிக்கொண்டது. முப்பதாவது நொண்டி ஆடு. அது வைத்த அடியை மனிதன் என்றே பெட்டி அடித்துச் சொன்னது. அந்த ஒரு நொண்டிக்காக மூன்று மாதம் சீரழிந்தோம். "வித்துத் தொலைச்சிடுங்கக்கா" என்று இன்ஜினியர் பெண் கெஞ்சினாள். "அங்க நொண்டி ஆடு இருக்காதா?" என்று கேட்டாள் அந்த அக்கா. எங்கள் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

மறுபடி பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். இந்த முறை பூசணிக்காய் இல்லை. "காருக்குள்ளயாவது ஒரு கற்பூரம்" என்று எம்.டி. கேட்டதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளும் ஆடுகள் இஷ்டத்துக்குப் பெட்டி மேல் மேய்ந்தன. நொண்டி ஆடு அதன் மேலேயே படுத்து எழுந்தது. பெட்டி கத்தவில்லை. ஊர்க்காரர்களிடம் அந்தப் பக்கம் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். மூன்றாம் நாள் காலை பத்து மணி, மேகம் இறங்கிப் பாதை மறைந்திருந்தது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் பட்டிக்கு ஓட்டிவிட்டிருந்தாள் அந்த அக்கா. பொறியாளர் தாளை முடிக்கப் பேனாவை எடுத்தார்.

சைரன் அலறியது.

எம்.டி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "போச்சு, அந்த நொண்டி!" என்றாள் இன்ஜினியர் பெண். அந்த அக்கா மட்டும் பதறவில்லை. பட்டியைப் பார்த்து விரலை நீட்டி நீட்டி எண்ணினாள்.

"அத்தினி ஆடும் இங்கதாங் கீது. நொண்டியும் கீது" என்றாள். "அப்போ வர்றது மனுசன்."

மேகத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் தெரிந்தான். காலில் பூட்ஸ், தோளில் பெரிய பை. சைரன் கேட்டதும் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தான். லீவு கிடைத்ததை வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறான். அவள் "டேய்!" என்று ஒரு கத்து கத்திவிட்டுப் பாதையில் ஓடினாள். சைரன் இரண்டாவது தரம் அலறியது. யாரும் அதை நிறுத்தப் போகவில்லை.

தாளை வாங்கி அதில் 'எச்சரிக்கை: இரண்டு' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டுக்கு வந்த மகன், எதிரே ஓடிய தாய்' என்று எழுதினேன். எம்.டி. எட்டிப் பார்த்துவிட்டு, "ஊடுருவல்னு போடும்மா, மானம் போவுது" என்றார். மாற்றவில்லை. பொறியாளர் வாசித்துவிட்டுச் சிரித்தார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பையன் முகம் கழுவிவிட்டு வந்து, சோதனை முடிந்து அணைத்து வைத்த பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மேடம், இது எங்களுக்கா? இத்த நம்பித் தூங்கலாமா?"

ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்று நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவன் அம்மா தட்டில் களியைப் போட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"தூங்குடா. அது ஆட்டுக்குக் கத்தாது."